பாரிஸ் நகரில் ஆடிய கெடிலக்கரைப் பெண்

கடலூரை அடுத்து, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவகீந்திரபுரம். தேவநாதப் பெருமாள் கோவில் கொண்ட ஊர். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பிரெஞ்சு அரசர் முன் ஆடி, பாரிஸ் நகரையே மயக்கினார். அது நடந்தது 1838-ம் ஆண்டு.

அவர் பெயர் அம்மணி. பிரெஞ்சுக்காரர்கள் அமனி என்று எழுதினார்கள். அப்போது அவருக்கு வயது சுமார் 18.

கப்பல் ஏறினார்கள்

அந்தக் காலத்தில் கடலூர் ஆங்கிலேயர் வசம். பக்கத்திலேயே புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசம். தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் எழுதி, ஒரு நாட்டியக் குழுவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார்.

பெண்கள் ஐந்து பேர். மூத்தவர் தில்லையம்மாள். பெயரிலேயே சிதம்பரம் இருக்கிறது! மூன்றாவது, நான்காவது பெண்களுக்கு 14 வயதுதான். கடைசிப் பெண் வேதம், ஆறு வயதுக் குழந்தை! தாளம் போட ராமலிங்கம், மத்தளம் தட்ட தேவநாயகம், சுருதி கூட்ட சரவணம் என்று ஆண்கள் மூன்று பேர்.

சூயஸ் கால்வாய் 1869-ல்தான் திறக்கப்பட்டது. ஆகவே ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாதக் கணக்கில் கடலிலேயே போக வேண்டியிருந்தது. ஜூலை மாதம் போர்தோ துறைமுகத்தில் இறங்கினார்கள்.

பாரிசில் அவர்கள் தங்கிய தெருவுக்கு 'விதவைகள் சாலை' என்று பெயர். நம் ஊராக இருந்தால் சகுனம் பார்த்திருப்பார்கள்! அந்த வீட்டில் தாங்களே சோறு பொங்கிச் சாப்பிட்டார்கள். ஊர் மாறினாலும் அடுப்பு மாறவில்லை.

அரண்மனையில்

ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. அன்று துய்லெரி அரண்மனையில் அரசர் லூயி பிலிப் முன் ஆட்டம். சலங்கை கட்டி, மூக்குத்தியும் தலைச்சாமானும் அணிந்து, குழந்தை வேதம் உள்பட எல்லோரும் அரசர் முன் நின்றார்கள். கோவிலில் பெருமாளுக்கு ஆடிய கால்கள், அன்று ஒரு வெள்ளைக்கார அரசருக்கு ஆடின.

அதற்குப் பின் வரியேத்தே நாடகக் கொட்டகையில் சீட்டு வாங்கிக்கொண்டு மக்கள் வந்தார்கள். பெருமாளுக்கு அலங்காரம் செய்வதை அபிநயம் பிடித்தார்கள். கத்தி ஏந்தி ஆடினார்கள். நீண்ட வெள்ளைத் துணியை ஆடிக்கொண்டே மடித்து, புறா செய்து காட்டினார்கள்!

அதற்கு முன்பும் பாரிஸ் மேடையில் இந்திய நாட்டியக்காரி வேஷம் வந்தது உண்டு. 1830-ல் புகழ்பெற்ற தாக்லியோனி அந்த வேஷத்தில் ஆடினார். ஆனால் அது வெறும் வேஷம்தான். நம் பெண்கள் கால் கட்டைவிரல் நுனியில் நிற்கவில்லை. முழங்காலை மடக்கி, பாதத்தால் தரையைத் தட்டினார்கள். கண்ணும் கையும் கதை சொல்லின. சிதம்பரம் கோபுர வாசல்களில் 108 கரணங்களைக் கல்லில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பாரிஸ்காரர்களுக்கோ எல்லாமே புதிது. சிலருக்குப் பிடிக்கவில்லை, சிலர் சொக்கிப் போனார்கள்.

சொக்கியவர்களில் ஒருவர் தெயோஃபில் கோத்தியே என்ற கவிஞர். அம்மணியின் அழகையும் ஆட்டத்தையும் அவர் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதினார். பார் என்ற சிற்பி, அம்மணி ஆடும் கோலத்தை வெண்கலத்தில் வார்த்தார்.

லண்டன் பனி

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லண்டன் சென்று அடெல்பி நாடகக் கொட்டகையில் ஆடினார்கள். பிறகு வேறு நாடுகளிலும் ஆடினார்கள். ஆட்டம் புதுமையாக இருந்தவரை கூட்டம் வந்தது. புதுமை போனதும் கூட்டம் குறைந்தது. எத்தனை கைதட்டல் கிடைத்தால் என்ன? பேச்சுத் துணைக்கு எட்டே பேர்தான்.

அம்மணி ஊர் திரும்பவில்லை என்றே செய்தி வந்தது. லண்டன் பனிமூட்டத்தில் மனம் உடைந்து அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டதைக் கோத்தியே பின்னாளில் எழுதினார்.

அவர் அம்மணியை மறக்கவில்லை. 1858-ல் சகுந்தலை கதையை நாட்டிய நாடகமாக எழுதி பாரிசில் மேடையேற்றினார். அதில் இந்தியப் பெண்களாக ஆடியவர்கள் எல்லோரும் ஐரோப்பியப் பெண்களே.