ராணியின் கூந்தல்

1793-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி. பாரீஸ் நகரச் சிறைக்குள் ஒருவன் கத்தரிக்கோலுடன் வந்தான். அங்கிருந்த பெண்ணின் கைகளைப் பின்னால் கட்டினான். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டினான்.

அவன், மரண தண்டனையை நிறைவேற்றுகிறவன். அவள், பிரான்சு நாட்டு ராணியாக இருந்த மேரி அன்டாய்னெட்!

அந்தக் கூந்தலைப் பார்த்து ஐரோப்பாவே வியந்த காலம் ஒன்று உண்டு.

மேரி 1755-ல் வியன்னாவில் பிறந்தாள். ஆஸ்திரியா நாட்டு இளவரசி. 14 வயதில் பிரெஞ்சு இளவரசர் லூயிக்கு மனைவியானாள். 1774-ல் லூயி அரசரானார். மேரி ராணியானாள்.

கூந்தல் கோபுரம்

அந்நாளில் மேல்நாட்டில் தலை அலங்காரமே அந்தஸ்தின் அடையாளம். ராணிக்கு முடி அலங்காரம் செய்தவர் லெனார்டு. உள்ளே கம்பியும் குதிரை மயிரும் வைப்பார்கள். அதன்மேல் கூந்தலைக் கோபுரம்போல் வாரி ஏற்றுவார்கள். வாசனைக் கொழுப்பு தடவி, வெள்ளை மாவு தூவுவார்கள். பூவும் இறகும் செருகுவார்கள்.

சீமாட்டிகள் எல்லோரும் ராணியைப் பார்த்து அப்படியே செய்தார்கள். கோச்சு வண்டியில் தலை இடித்ததால், முழங்காலிட்டுப் போனவர்களும் உண்டு!

வியன்னாவில் இருந்த தாய், 1775-ல் கடிதம் எழுதிக் கண்டித்தாள். மகள் கேட்கவில்லை.

ரொட்டிக்கு மாவு இல்லை!

அதே ஆண்டில் கோதுமை விலை ஏறியது. ரொட்டி கிடைக்காமல் ஏழைகள் கலகம் செய்தார்கள். அரண்மனையிலோ தலைக்கு மாவு! ஜனங்கள் கொதித்தார்கள்.

நாடு கடனில் மூழ்கியதற்குப் போர்ச் செலவே பெரிய காரணம். ஆனால் போர்க் கணக்கு ஏழையின் கண்ணுக்குத் தெரியவில்லை. ராணியின் தலை தெரிந்தது.

1781-ல் மகன் பிறந்த பிறகு ராணிக்கு முடி கொட்டியது. லெனார்டு அதைக் குட்டையாக வெட்டினார். அதுவும் நாகரிகமாயிற்று!

1789-ல் புரட்சி வெடித்தது. 1791-ல் அரச குடும்பம் தப்பி ஓடியது, வழியில் பிடிபட்டது. அந்தத் துயரத்தில் ராணியின் கூந்தல் நரைத்துவிட்டதாக அவளுடைய தோழி பின்னாளில் எழுதினாள். 1793 ஜனவரியில் கணவர் தலை வெட்டப்பட்டது. ஜூலையில் மகனையும் பிரித்தார்கள். அக்டோபரில் அவள் முறை வந்தது.

கடைசிப் படம்

திறந்த கட்டை வண்டியில் அவளைக் கொண்டு போனார்கள். ஓவியர் டேவிட் அந்தக் கோலத்தை அவசரமாக வரைந்தார். ராணியின் பழைய படங்களில் பட்டும் இறகும் ஜொலிக்கும். இதில் ஒரு சாதாரணக் குல்லாய். அதன் கீழே வெட்டுண்ட முடி. ஆனால் முதுகு மட்டும் வளையவில்லை.

அவளுக்கு வயது 37. அந்தப் படம் இன்றும் பாரீஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது.