கழற்றிப் பார்த்தறிந்த மேதை

என் தந்தையார் மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் படிக்கிறேன் என்ற கர்வத்தில் சென்ற கோடை விடுமுறையில் நான் செய்த தவறொன்றே ஜி.டி. நாயுடு அவர்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

தியாகராய நகர் நெரிசலில் நின்று நின்று எஞ்சின் கொதித்துப்போன கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. கார் ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது மின்விசிறிதான் துணை. அது சுழலவில்லை. தந்தையார் வெளியே போயிருந்தார். மோட்டார் எரிந்துவிட்டதென்று நானே முடிவு கட்டி, வண்டிக்காரரைப் புது மோட்டார் வாங்க வைத்தேன். மாட்டினேன், அதுவும் சுழலவில்லை! தந்தையார் வந்து, பழைய மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தார். அது சுழன்றது. பிறகு பியூஸ், ரிலே என்று வரிசையாகச் சோதித்து, இறுதியில் பச்சைக் களிம்பேறிய எர்த் கம்பியைக் கண்டுபிடித்தார். புது மோட்டாரின் விலையை வண்டிக்காரரிடம் தம் கையிலிருந்து கொடுத்தார். என்னைத் திட்டவில்லை. நாயுடுவைப் பற்றிப் படி என்று மட்டும் சொன்னார்.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் ஜி. துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்த அவர், கோவையில் ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, அதை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் படித்த கல்லூரி எனலாம்.

1920இல் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். சிறு மோட்டாரால் இயங்கும் சவரக் கருவியும் அவர் படைப்பே. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணமாகி, அதன் முதல்வராகவும் விளங்கினார். படிப்புக் காலத்தை வீணே நீட்டக் கூடாதென்ற தம் கருத்து ஏற்கப்படாததால் அப்பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

நண்பர்களே, கல்லூரி வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பள்ளியில் அதிகம் படிக்காத அவரே மற்றவர்க்குக் கல்விக்கூடம் கண்டார் அல்லவா? ஓம் விதியை என்னால் கரும்பலகையில் எழிதில் நிறுவ முடியும். தந்தையாருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. ஆனால் மின்சாரம் எங்கே தடைபட்டது என்பதை அவர் கை கண்டது. என் கண் காணவில்லை. அறிவும் அனுபவமும் கைகோத்தால்தான் பட்டம் பயன் தரும்.

அந்தப் புது மோட்டார் எங்கள் பட்டறை அலமாரியில் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் கல்லூரி விட்டதும் நேரே அங்கேதான் போகிறேன். பழுதென்று வரும் எதையும் சோதிக்காமல் மாற்றுவதில்லை.