கில்லெர்மோ ஆரோ

கில்லெர்மோ ஆரோ (1913 - 1988) மெக்சிக்கோவைச் சேர்ந்த புகழ்பெற்ற வானியலாளர் ஆவார்.

வாழ்க்கை

மெக்சிக்கோ நகரில் பிறந்த இவர், மெய்யியல் பயின்று பத்திரிகையாளரானார். வானியலாளர் லூயிஸ் என்ரிக்கே எர்ரோவைப் பேட்டி காணச் சென்றது இவரை வானியலின்பால் ஈர்த்தது. 1943 இல் டொனான்சின்ட்லா வான் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் அதன் இயக்குநரானார்.

கண்டுபிடிப்பு

ஓரியன் விண்மீன் குழுவில் இவரும், தனித்து ஆய்ந்த அமெரிக்கர் ஜார்ஜ் எர்பிக்கும் கண்ட சிறு விண்முகில்கள் எர்பிக்-ஆரோ பொருள்கள் எனப்படுகின்றன. உருவாகிவரும் விண்மீன்கள் உமிழும் தாரைகள் சுற்றியுள்ள வளிமத்தில் மோதுவதால் இவை ஒளிர்கின்றன என்பது பின்னரே தெளிவானது. விண்மீனைச் சூழ்ந்த வட்டிலுள்ள வளிமம், தன் கோண உந்தத்தை இழந்தாலன்றி விண்மீனில் விழ இயலாது. அதனைத் தாரைகள் வெளியே கொண்டுசெல்கின்றன என்னும் கருத்துக்கு, எர்பிக்-ஆரோ 212 இன் தாரையில் சுழற்சி இருப்பதைச் சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி 2017 இல் காட்டியமை வலுச் சேர்த்தது.