பனிச்சரிவில் தப்பிய நெய்யூர் டாக்டர்

நம்ம தர்மபுரி பக்கம் பனின்னா மார்கழிப் பனிதான். தலையில் துண்டு கட்டினால் போதும். இமயமலையில் பனி ஆளையே புதைத்துவிடும். அதில் தப்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் பிறகு நம்ம தமிழ் மக்களுக்கே வைத்தியம் பார்த்தார். அவர் பெயர் ஹோவர்ட் சோமர்வெல்.

1890-இல் இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் ஷூ கம்பெனி, வசதிக்குக் குறைவில்லை. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தார்.

1922-இல் மல்லோரி முதலானவர்களோடு திபெத் வழியாக எவரெஸ்ட் ஏறப் போனார். ஆக்சிஜன் இல்லாமலே சுமார் 8,200 மீட்டர் வரை ஏறினார்கள்! ஜூனில் புதுப்பனி நிறையக் கொட்டியது. பழைய பனியோடு புதுப்பனி ஒட்டுவதற்கு நாள் ஆகும். அதற்குள் பாரம் ஏறினால், சாய்த்த முறத்தில் கேழ்வரகு சரிகிற மாதிரி மொத்தமாகச் சரியும். ஜூன் 7 அன்று 17 பேர் மறுபடி ஏறினார்கள். ஓரிடத்தில் மிதித்து மிதித்துப் பார்த்தார்கள், சரியவில்லை. சரி, பயமில்லை என்று மேலே போனார்கள். மதியம் இன்னோரிடத்தில் சரிந்தது. சுமை தூக்கி வந்த 7 பேர் செத்துப்போனார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது சோமர்வெல்லை ரொம்ப வாட்டியது. தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று நினைத்தாராம். எனக்கும் அந்த 7 பேர் வீட்டு நினைப்புதான் வந்தது.

ஊர் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவ்வளவு நோயாளிகளுக்கும் ஆபரேஷன் செய்ய ஒரே ஒரு டாக்டர்! லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்துவிட்டார்.

1924-இல் மறுபடி எவரெஸ்ட். புதுப்பனிக்கு மேலே சுமை தூக்கும் 4 பேர் மாட்டிக்கொண்டார்கள். சரிகிற பனி என்று தெரிந்தும் சோமர்வெல் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனார். கயிறு எட்டவில்லை! அதற்குள் இரண்டு பேர் சறுக்கினார்கள். அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டையைப் பிடித்து இழுத்தார். 4 பேரும் பிழைத்தார்கள்.

அதன் பிறகு நெய்யூரில் பல வருஷம் வயிற்றுப்புண், புற்றுநோய்க்கெல்லாம் ஆபரேஷன் செய்தார். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் (நம்ம ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போவார்களே, அங்கேதான்) பாடம் நடத்தினார். 1961-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். 1975-இல் இறந்தார்.

9-ஆம் வகுப்பு மாணவி