மூதறிஞர் இராஜாஜியும் தேர்தல் செலவும்

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாதர் வாழ்ந்த இல்லம், தமிழன்பர்களின் வேடந்தாங்கலாக விளங்கியது. அருவியும் சாரலும் கம்பன் கவியும் விருந்தாக அமைந்த அவ்வில்லத்திற்கு, எழுத்தாளர் கல்கியைப் போலவே விரும்பி வந்தவர் இராஜாஜி. அங்கே அவர் இலக்கியச் சுவைஞர். அரசியலிலோ, பணம் மக்களாட்சியை விலைக்கு வாங்கிவிடும் என்று நெடுங்காலம் எச்சரித்தவர்.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்த இராஜாஜி, சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராகத் திகழ்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அத்தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தவர், மூன்று மாத காலம் நாட்குறிப்பு எழுதினார். நாடு விடுதலை பெற இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. சிறையிலிருந்த பிறர் விடுதலையைக் கனவு கண்ட வேளையில், அவர் அதற்கு அடுத்த நாளை எண்ணினார். தேர்தலும் அதனோடு வரும் ஊழலும், செல்வரின் ஆதிக்கமும், திறமையற்ற நிருவாகமும் மக்கள் வாழ்வைத் துன்பமாக்கும் எனக் குறித்துவைத்தார். அனைவருக்கும் கல்வி அளித்து நன்னடத்தையை வளர்ப்பதே மாற்று என்றும் எழுதினார்.

அவர் வாழ்விலும் வினாக்குறி உண்டு. 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. தேர்தலில் நில்லாத இராஜாஜி, ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். வாக்குக் கேளாமல் ஆட்சி ஏற்பது முறையா என்று எழுந்த கண்டனம் நியாயமானதே.

1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய பின் அவர் குரல் மேலும் கூர்மை பெற்றது. தொழில் தொடங்க உரிமமும் அனுமதியும் ஒதுக்கீடும் வேண்டும். அவற்றை வழங்குவது ஆளும் கட்சி. தேர்தல் வந்ததும் நன்கொடை கேட்பதும் அதே கட்சி. கேட்டவருக்கு மறுக்கத் தொழிலதிபரால் இயலுமோ? இந்தப் பிணைப்பை அவர் இடைவிடாது சாடினார். 1960ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், நிறுவனங்களின் அரசியல் நன்கொடைக்கு 25,000 ரூபாய் அல்லது சராசரி நிகர இலாபத்தில் 5 விழுக்காடு, இவற்றுள் மிகுதியானதை வரம்பாக்கியது. சுதந்திராக் கட்சியும் தொழிலதிபர்களின் நன்கொடையைப் பெற்றது என்பதை மறைப்பதற்கில்லை.

தொழில்களை அரசுடைமை ஆக்குவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்த இராஜாஜி, ஒன்றை மட்டும் முதலில் அரசுடைமை ஆக்க வேண்டும் என்றார். அது தேர்தல்! வேட்பாளர் தம் பணத்தையோ பிறர் பணத்தையோ இறைத்து வெல்லும் வரையில், தேர்தல் தனியார் வணிகமே என்பது அவர் கருத்து. செலவை அரசு ஏற்றால், வென்றவர் எவருக்கும் கடன்பட்டிருக்க வேண்டியதில்லை.

நிறுவன நன்கொடை 1969இல் தடை செய்யப்பட்டது. பணம் நிற்கவில்லை, கணக்கேட்டை விட்டு மறைவிடம் தேடியது. 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தார். 1998இல் இந்திரஜித் குப்தா குழு, தேர்தல் செலவில் ஒரு பகுதியை அரசே பணமாக அன்றிப் பொருளாக வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை.