கலிவரைப் படைத்தவரின் காதுக்குள் ஓயாத இரைச்சல்

போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். காதுக்குள் வண்டு கத்துகிறது, படுக்கையிலிருந்து எழுந்தால் வீடே சுற்றுகிறது என்று சொல்பவர்கள் சிலராவது இருப்பார்கள். பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். இதே தொல்லையோடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருவரின் கதையை நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். குள்ளர்கள் நாட்டுக்குப் போன கலிவரைப் படைத்த ஜொனாதன் சுவிஃப்ட்தான் அவர்.

சுவிஃப்ட் 1667 நவம்பர் 30ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை அதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார். உறவினர் தயவில் படித்து, 1689இல் இங்கிலாந்து சென்று சர் வில்லியம் டெம்பிள் என்ற பிரமுகரிடம் செயலாளராக வேலைக்கு அமர்ந்தார். இருபது வயதைத் தாண்டிய அந்த நாட்களில்தான் முதல் தலைசுற்றல் வந்தது.

அளவுக்கு மிஞ்சி ஆப்பிள் தின்றதால் வந்த வினை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கடைசிவரை அந்த எண்ணம் மாறவில்லை. பழத்தைக் கண்டால் ஆசையும் பயமும் சேர்ந்தே வரும். நம் ஊரில் பலாப்பழச் சூட்டைக் குறை சொல்வதில்லையா, அதைப் போலத்தான்! சில ஆண்டுகளில் காது கேளாமையும் சேர்ந்துகொண்டது. அதற்குக் குளிரைக் காரணம் சொன்னார். இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பது அவருக்கும் தெரியாது, அவருடைய மருத்துவர்களுக்கும் தெரியாது.

அவர்கள் கொடுத்ததெல்லாம் கசப்பு மருந்துகள், இரும்புச் சொட்டுகள், வாந்திக்கு மருந்து. எதுவும் நிலையான பலன் தரவில்லை. நடந்தால் நல்லது என்று அவராகவே கண்டுகொண்டு, மைல் கணக்கில் நடந்தார், குதிரை ஏறினார். தலைசுற்றல் வந்த நாட்களைக் குறித்தும் வைத்தார்.

1713இல் டப்ளின் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவானார். 1726இல் கலிவரின் பயணங்கள் வெளிவந்து பெரும் புகழ் தேடித் தந்தது. மறு ஆண்டே அந்தப் புகழை அனுபவிக்க முடியாமல் போனது. இங்கிலாந்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப் வீட்டில் விருந்தினராக இருந்தபோது, தலைசுற்றலும் செவிடும் ஒன்றாகத் தாக்கின. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. நண்பருக்குச் சுமையாக இருக்க மனமில்லாமல் அங்கிருந்து வெளியேறி, உறவினர் வீட்டில் ஒதுங்கிக்கொண்டார். காதுக்குள் கேட்ட சத்தத்தை நீராலைகள் பல ஒன்றாகச் சுழலும் ஓசைக்கு ஒப்பிட்டுக் கடிதம் எழுதினார். அவர் உயிருக்கு உயிராக நேசித்த ஸ்டெல்லா அப்போது டப்ளினில் நோயாகக் கிடந்தார். கப்பலுக்காக ஹோலிஹெட் துறைமுகத்தில் நாள்கணக்கில் காத்துக் கிடந்துதான் ஊர் திரும்ப முடிந்தது. 1728 ஜனவரியில் ஸ்டெல்லா இறந்தார்.

அதன்பின் காது கேட்காத நாட்களில் அவர் ஆள்களைச் சந்திப்பதையே குறைத்துக்கொண்டார். கலகலப்பாகப் பேசிச் சபையை ஆண்ட மனிதருக்கு இதைவிடத் தண்டனை வேறென்ன வேண்டும்? முதுமையில் நினைவும் பேச்சும் தடுமாறின. 1742இல் தம் காரியங்களைப் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டார். 1745 அக்டோபர் 19ஆம் தேதி, 77ஆவது வயதில் காலமானார். வாழ்நாள் முழுவதும் இருந்த தலைசுற்றலையும் கடைசிக் காலத்துத் தடுமாற்றத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, அவர் எப்போதுமே பைத்தியம்தான் என்று பலர் எழுதிவிட்டார்கள். தள்ளாடி நடப்பவரைப் பார்த்துக் குடித்திருக்கிறார் என்று நம்மவர்கள் சொல்வதும் இதே ரகம்தான்.

அவர் இறந்து 116 ஆண்டுகள் கழித்து, 1861இல், பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியேர் ஓர் உண்மையைச் சொன்னார். தலைசுற்றல், காது இரைச்சல், செவிடு மூன்றும் சேர்ந்து வந்து வந்து போனால் கோளாறு மூளையில் இல்லை, உட்செவியில் இருக்கிறது. அங்குள்ள திரவம் மிகுந்துபோவதை இன்று இந்த நோயோடு சேர்த்துப் பேசுகிறார்கள். 1880களில் பக்னில் என்ற ஆங்கில மருத்துவர், சுவிஃப்டுக்கு இருந்ததும் இதே நோய்தான் என்று எழுதினார். (ரப்பர் ஆலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் பல வருடம் நின்றவர்களுக்குக் காது இரைவது பெரும்பாலும் வேறு கதை; அது சத்தம் செய்த சேதம். எதுவானாலும் காதுப் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரியும். தலைசுற்றலோடு வாய் குழறினாலோ கைகால் இழுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.)

பைத்தியம் என்று பேர் வாங்கிய சுவிஃப்ட், தம் சொத்தின் பெரும்பகுதியை மனநோயாளிகளுக்கான மருத்துவமனை கட்ட எழுதி வைத்திருந்தார். 1757இல் திறக்கப்பட்ட அந்தச் செயின்ட் பேட்ரிக் மருத்துவமனை டப்ளினில் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.