ஆசிரியர்கள் சுமந்த கல்விக்கூடம்: டாக்டர் ஜாகிர் ஹுசைன் வாழ்வில் ஒரு பகுதி

கல்வி நிறுவனம் ஒன்று யாருக்கு உரியது என்னும் வினா எழும்போது நம் உள்ளத்தில் முதலில் தோன்றுவோர் அதனை நிறுவிய வள்ளல்களும் நடத்திவரும் நிர்வாகக் குழுவினருமே ஆவர். அடுத்து மாணவரை நினைக்கிறோம். வகுப்பறையில் நின்று வாழ்நாளைச் செலவிடும் ஆசிரியரை அந்த வரிசையில் நாம் எளிதில் சேர்ப்பதில்லை. ஆசிரியரும் தம்மைச் சேர்த்து எண்ணுவதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டுப் பாடம் நடத்தி வீடு திரும்புவதோடு நம் கடமை முடிந்தது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். இக்கருத்தைத் தம் வாழ்வால் மாற்றிக் காட்டிய பெருமகனார் டாக்டர் ஜாகிர் ஹுசைன் ஆவார். குடியரசுத் தலைவராக அவரை நாடறியும். இளையான்குடியில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி ஒன்று இருப்பதையும் நாம் அறிவோம். ஆயினும், நலிந்த ஒரு பல்கலைக்கழகத்தை ஆசிரியர்களின் கையில் ஒப்படைத்து வாழவைத்த ஆசிரியராக அவரை அறிந்தோர் சிலரே. அப்பகுதியை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

இளமையும் கல்வியும்

ஜாகிர் ஹுசைன் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். இவர்தம் முன்னோர் உத்தரப் பிரதேசத்தின் பரூக்காபாத் மாவட்டத்தைச் சேர்ந்த காயம்கஞ்ச் என்னும் ஊரினர். தந்தையார் பிதா ஹுசைன் கான் 1907இல் காலமானார்; 1911இல் பரவிய கொள்ளைநோய் தாயாரையும் கொண்டு சென்றது. பதினான்கு வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்த இச்சிறுவர், எடாவா இஸ்லாமிய உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர் அலிகர் முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியில் சேர்ந்தார். பட்ட மேற்படிப்புக் காலத்தில் பயின்றுகொண்டே கற்பிக்கவும் தொடங்கினார்.

1920ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் நாடெங்கும் எழுச்சியூட்டின. அவ்வாண்டு அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகர் வந்து, அரசின் உதவி பெறும் கல்விக்கூடத்தை விட்டு வெளியேறுமாறு மாணவரை அழைத்தனர். அழைப்பை ஏற்று வெளியேறியோருள் ஜாகிர் ஹுசைன் முன்னணியில் நின்றார். 1920 அக்டோபர் 29ஆம் நாள் மௌலானா மஹ்மூதுல் ஹசன் அவர்களால் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தொடங்கிவைக்கப்பட்டது. ஹகீம் அஜ்மல் கான் அதன் முதல் வேந்தராகவும், மௌலானா முஹம்மது அலி முதல் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றனர். அரசின் நிதி வேண்டாம் என்னும் உறுதியே அதன் பிறப்புக்குக் காரணம். பின்னாளில் அது பட்ட துன்பங்களுக்கும் அதுவே காரணமாயிற்று.

பெர்லினில் எடுத்த முடிவு

1922இல் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனி சென்று பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். 1924இல் துருக்கியில் கிலாபத் ஒழிக்கப்பட்டது. அவ்வியக்கம் தளர்ந்ததும் ஜாமியாவுக்கு வந்த நிதியும் வற்றியது. அதனை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. இச்செய்தி பெர்லினை எட்டியது. ஜாகிர் ஹுசைனும், அங்கே உடன் இருந்த ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் ஆகிய இருவரும் தம் வாழ்வை ஜாமியாவுக்கு அளிக்க முடிவு செய்தனர். உயர்ந்த பட்டம் பெற்ற இளைஞர்களுக்கு நல்ல ஊதியமுள்ள பதவிகள் காத்திருந்த காலம் அது என்பது எண்ணத்தக்கது.

1925இல் ஹகீம் அஜ்மல் கான், டாக்டர் அன்சாரி, அப்துல் மஜீத் குவாஜா ஆகியோரின் முயற்சியால் ஜாமியா அலிகரிலிருந்து டில்லியின் கரோல் பாகிற்கு மாற்றப்பட்டது. காந்தியடிகளும் அது வாழவேண்டும் என்று வற்புறுத்தினார். 1926இல் முனைவர் பட்டத்துடன் தாயகம் திரும்பிய ஜாகிர் ஹுசைன், தம் இருபத்தொன்பதாம் வயதில் ஷைகுல் ஜாமியா எனப்படும் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார்.

ஆசிரியர் கைக்கு வந்த ஆட்சி

1927 டிசம்பரில் ஹகீம் அஜ்மல் கான் மறைந்தார். தம் செல்வாக்காலும் சொந்தப் பொருளாலும் ஜாமியாவைத் தாங்கி வந்த தூண் சாய்ந்தது. ஆசிரியர்களுக்கு ஊதியம் கொடுக்க வழியில்லை. பொறுப்பாளர்களாயிருந்த பெரியோர் பலருக்கு மேலும் நடத்த இயலும் என்னும் நம்பிக்கை இல்லை. இந்நிலையில் ஆசிரியர்கள் முன்னுள்ள வழிகள் இரண்டு. ஒன்று, வேறிடம் தேடிச் செல்வது. மற்றொன்று, சுமையைத் தாமே ஏற்பது.

அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். 1928இல் ஜாகிர் ஹுசைன் தலைமையில் ஆசிரியர்கள் ஒன்றுகூடி அஞ்சுமனே தாலீமே மில்லி, அதாவது தேசியக் கல்விக் கழகம், என்னும் அமைப்பை நிறுவினர். அடுத்த இருபது ஆண்டுகள் ஜாமியாவிலேயே பணிபுரிவது, மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை என்று உறுதிமொழி அளித்தோர் அதன் ஆயுள் உறுப்பினர் ஆயினர். நிறுவனத்தின் ஆட்சிப் பொறுப்பு இவ்வாசிரியர் அவையிடம் வந்தது. பாடத்திட்டம் மட்டுமன்றி, வரவு செலவும் பணியமர்த்தமும் அவர்களே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியவை ஆயின. நம் சமுதாயம் மஷூரா என்று போற்றும் கலந்தாலோசனை அங்கே அன்றாட நடைமுறையாயிற்று எனலாம்.

இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஆட்சியில் பங்கு என்பதை உரிமையாக மட்டுமே எண்ணுவது உலக வழக்கம். ஜாமியாவின் ஆசிரியர்களோ இழப்பில் பங்கேற்ற பின்னரே ஆட்சியில் பங்கு பெற்றனர். உறுதிமொழியில் கண்ட 150 ரூபாய் மேல்வரம்பேயன்றிக் கைக்கு வந்த தொகை அன்று. நடைமுறையில் அதனினும் குறைவாகவே பெற்றனர். அதுவும் பல மாதங்கள் தாமதமாயிற்று. துணைவேந்தரும் இதற்கு விலக்கல்லர். இச்சுமையின் பெரும்பகுதியை ஓசையின்றித் தாங்கியோர் அவர்தம் மனைவியரும் மக்களும் ஆவர். உறுதிமொழியில் கையொப்பமிட்டோர் ஆசிரியர். கடைக்காரருக்கு விடை கூறும் நிலை இல்லத்தரசியருக்கு நேர்ந்திருக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

பெரும் புரவலர் ஒருவரை நம்பியிருந்த நிலையும் மாறியது. ஷபீகுர் ரஹ்மான் கித்வாய் முயற்சியால் ஹம்தர்தானே ஜாமியா என்னும் அன்பர் குழு அமைந்தது. சிறு தொகை தருவோர் பலர் நாடெங்கிலும் சேர்ந்தனர். ஆசிரியர்களே ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினர். தம் பள்ளியின் நிலையைப் பொதுமக்களிடம் தாமே எடுத்துரைக்கும்போது ஆசிரியருக்குப் பொறுப்புணர்வு பெருகும் என்பதற்கு இது சான்றாகும்.

பொறுப்பைப் பகிரும் இவ்வுணர்வு மாணவரிடமும் சென்று சேர்ந்தது. தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள் தமக்கென வங்கியும் கடையும் நடத்தப் பழக்கப்பட்டனர். 1935 மார்ச்சு முதல் நாள் ஓக்லாவில் புதிய கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அக்கல்லை நாட்டியவர் ஜாமியாவின் மிக இளைய மாணவரே. செல்வரும் தலைவரும் பெறும் சிறப்பினை ஒரு சிறுவருக்கு அளித்த செயலே ஜாமியாவின் நோக்கினை நமக்கு உணர்த்துகிறது.

நிறைவேறிய உறுதிமொழி

1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டின் தொடர்ச்சியாக, ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவிற்கு ஜாகிர் ஹுசைன் தலைவரானார். 1946 நவம்பரில் ஜாமியாவின் வெள்ளி விழா நடைபெற்றபோது, அரசியலில் எதிரெதிர் நின்ற நேருவையும் ஆசாத்தையும் ஜின்னாவையும் லியாகத் அலி கானையும் ஒரே மேடையில் அமரச் செய்தார். நாட்டுப் பிரிவினைக் கலவரம் அவரையும் விடவில்லை. 1947இல் ஜலந்தர் ரயில் நிலையத்தில் அவர் உயிர் தப்பியது, பிற சமயத்தைச் சேர்ந்த நல்லோர் காப்பாற்றியதால்தான். கரோல் பாகில் இருந்த மக்தபா ஜாமியாவின் நூல்கள் தீக்கிரையாயின.

1928இல் அளித்த உறுதிமொழி இருபது ஆண்டுகளுக்கு உரியது. 1948இல், அக்காலம் நிறைவுற்ற பின்னரே, அவர் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகச் சென்றார். பிரிவினையால் ஆசிரியர் பலரை இழந்து, அச்சமும் ஐயமும் சூழ்ந்திருந்த அந்நிறுவனத்தை 1956 வரை வழிநடத்தினார். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். உயர்கல்விக்குப் பொருளுதவி செய்வது அரசின் கடமை, ஆனால் அவ்வுதவி பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியாதல் கூடாது என்பது அக்குழுவின் கருத்து. அரசு நிதியைத் துறந்து பிறந்த நிறுவனத்தை இருபதாண்டு காத்தவருக்கு அக்கருத்தின் விலை நன்கு தெரிந்திருக்கும்.

பீகார் ஆளுநர் பதவி 1957இலும், குடியரசுத் துணைத்தலைவர் பதவி 1962இலும், பாரத ரத்னா விருது 1963இலும் அவரை வந்தடைந்தன. 1967 மே 13ஆம் நாள் குடியரசுத் தலைவரானார். 1969 மே 3ஆம் நாள் பதவியிலிருக்கும்போதே மறைந்த அவர், தாம் வளர்த்த ஜாமியாவின் வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு உரிய பாடம்

ஜாமியா 1988இல் நாடாளுமன்றச் சட்டத்தால் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. அச்சட்டம் பல்கலைக்கழகப் பேரவைக்கு அஞ்சுமன் என்றே பெயரிட்டது. 1928இல் ஊதியமின்றித் தவித்த ஆசிரியர்கள் தம் அவைக்குச் சூட்டிய பெயரின் சாயலை அச்சொல்லில் காண்கிறோம். ஆயினும் பெயர் நிலைப்பதால் மட்டும் பொருள் நிலைத்துவிடாது. பேரவையும் கல்விக்குழுவும் எங்கும் உண்டு. அவற்றில் அமரும் ஆசிரியர் கருத்துரைக்கத் தயங்கினாலோ, நிர்வாகத்தினர் அதனைக் கேட்க மனம் கொள்ளாவிடினோ அவை வெறும் நாற்காலிகளே.

நிர்வாகத்தார் முயன்று எழுப்பிய கட்டடத்திற்குள் நாம் கற்பிக்கிறோம். அதற்கு என்றும் நன்றியுடையோம். ஆனால் ஒரு கல்லூரி தளரும் நாளில் அதனை விட்டுச் செல்வோமா, அதன் சுமையில் ஒரு பங்கை ஏற்போமா என்பதே நம்மை நோக்கி ஜாகிர் ஹுசைன் வாழ்வு எழுப்பும் வினா. இரண்டாவது விடையைக் கூறும் துணிவு உள்ளோருக்கே முதல் வரிசையில் அமர்ந்து கருத்துரைக்கும் தகுதியும் உண்டு. அத்துணிவுள்ள ஆசிரியரை நம்பிப் பொறுப்பினைப் பகிர்வது பெரியோரின் கடன். இவ்விரண்டும் கூடும் இடத்தில் கல்விக்கூடம் தழைக்கும் என்பதில் ஐயமில்லை.